மருந்துப் பெயர்களுக்குப் பொருள் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கத்தில், மருந்துப் பெயர்களுக்குப் பொருளே கிடையாது, கம்பெனிக்காரர்கள் வாய்க்கு வந்ததை வைக்கிறார்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. மதுரை அரசு மருத்துவமனை அருகில் மருந்துக்கடையிலேயே ஆயுளைக் கழித்த எனக்கு, அதைப் படித்ததும் மனம் மிகவும் நொந்தது.

ஆஸ்பிரினில் அசிட்டைல் என்ற வேதிக்கூறின் முதலெழுத்தும் ஸ்பைரியா என்ற செடியின் பெயரும் ஒளிந்திருப்பதும், தீவைக் குறிக்கும் இன்சுலா என்ற லத்தீன் சொல்லே, கணையத்தில் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் செல் திட்டுகளை ஒட்டி, இன்சுலின் ஆனதும் தாங்கள் அறியாதவையல்ல. போன ஆண்டு ஆடாதோடையைப் பற்றி அரைப்பக்கம் வெளியிட்டீர்கள். அச்செடிக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட அறிவியல் பெயரிலேயே நம் 'ஆடாதோடை' இருக்கிறது என்பதற்கோ, கடைகளில் விற்கும் இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் அச்செடியிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளிலிருந்து உருவானது என்பதற்கோ அதில் ஒரு வரிகூட இடமில்லை. அப்போதே எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை.

விற்பனைப் பெயரைக் கம்பெனி தன் விருப்பப்படி வைக்கலாம். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயர், அதாவது உள்ளிருக்கும் மருந்தின் பெயர், அப்படிப்பட்டதன்று. 1953 முதல் உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு வருகிறது; மருந்து எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் பெயரின் ஈறே காட்டிவிடும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, இரண்டு டாக்டர்கள் தனித்தனியே எழுதிக்கொடுத்த இரண்டு மாத்திரை அட்டைகளை என் முன்னால் வைத்தார்கள். ஒன்றில் டெல்மிசார்ட்டான், மற்றதில் லோசார்ட்டான். வெள்ளி அட்டையைத் திருப்பி, இரண்டிலும் 'சார்ட்டான்' என்று முடிவதைப் பார்த்த பிறகே, ஒரே வகை ரத்த அழுத்த மருந்தை அவர் இரட்டிப்பாக விழுங்கி வந்தது தெரிந்தது. உடனே டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். பெயருக்குப் பொருளில்லை என்று தங்கள் பத்திரிகையே எழுதினால், அந்தச் சிறிய எழுத்தை இனி எந்த வாசகர் படிப்பார்?

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், இனிமேல் மருந்தைக் குறிப்பிடும் இடமெல்லாம் பொதுப்பெயரையும் சேர்த்து, ஒரே பக்கத்தில் மூன்று விதமாக அல்லாமல் ஒரே எழுத்துக்கூட்டலில் அச்சிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை.