முகாம் நடத்தப் போகும் மகனுக்கு

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கபடிப் பயிற்சிக்குப் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், கோடை விடுமுறையில் மூன்று நாள் தங்கும் முகாம் நடத்தப் போகிறோம் என்று நீ சொன்னபோது எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா? ஆனால் பயிற்சி கொடுக்க வருகிறவர்களைப் பற்றி விசாரித்தீர்களா என்று கேட்டதற்கு, "எல்லாரும் நம் பையன்கள்தான் அம்மா" என்றாய். அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெளிவந்த வழக்கை நீயும் படித்திருப்பாய். ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை முகாம் என்று சொல்லி நடத்தினார்கள். மாணவிகளைப் பள்ளி அரங்கத்திலேயே தங்க வைத்தார்கள். பயிற்சியாளராக வந்தவனே அவர்களிடம் அத்துமீறியதாகக் கைதானான். அந்த முகாமுக்கும் தேசிய மாணவர் படைக்கும் தொடர்பே இல்லை என்பது அதன் பிறகுதான் வெளியே தெரிந்தது. முன்கூட்டியே ஒருவர் விசாரித்திருந்தால் போதும். பிள்ளைகள் சொன்னதை மூடி மறைக்கப் பார்த்ததாகப் பள்ளிப் பொறுப்பாளர்களும் கைதானார்கள்.

இப்படிப்பட்டவன் பார்த்தாலே தெரியும்படி வருவதில்லை, தம்பி. முதலில் பெற்றோரின் நம்பிக்கையைத்தான் சம்பாதிக்கிறான். வசதியில்லாத பிள்ளைக்கு ஷூ வாங்கித் தருவான். பயிற்சி முடிந்ததும் பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விடுவான். "உன்னிடம் திறமை இருக்கிறது, தனியாகச் சொல்லித் தருகிறேன்" என்பான். மாவட்ட அணிக்கு யார் போவது என்பதைத் தீர்மானிக்கிறவன் அவன் என்றால், பிள்ளை எப்படி வாய் திறக்கும்? அதிலும் கபடி தொட்டு, பிடித்துச் சொல்லித்தர வேண்டிய விளையாட்டு. எது பயிற்சி, எது அத்துமீறல் என்று பத்து வயதுப் பிள்ளைக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். பையன்களுக்கு என்ன பயம் என்று நினைத்துவிடாதே. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. பெண்ணைப் பெற்றவர்கள் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். பையனைப் பெற்றவர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அதனால் கட்டுப்பாடு முதலில் உனக்கே இருக்கட்டும். பூட்டிய அறையில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, நீயும் கூடாது. சுளுக்கு எடுப்பதானாலும் எல்லாரும் பார்க்கத் திறந்த இடத்தில் எடுங்கள். பிள்ளைகளுக்குத் தனியே வாட்ஸ்அப் செய்தி அனுப்ப வேண்டாம், பெற்றோர் இருக்கும் குழுவில் போடுங்கள். இரவில் பெண் பிள்ளைகள் தங்கும் அறையின் பொறுப்பு பெண்களிடமே இருக்க வேண்டும். பெற்றோர் எந்த நேரத்தில் வந்து எட்டிப் பார்த்தாலும் முகம் சுளிக்காதீர்கள். யாரும் உன்னைச் சந்தேகப்படவில்லை. நீ பணிந்து நடக்கும் விதியைத்தான் மற்றவனிடம் தயங்காமல் கேட்க முடியும்.

பயிற்சி கொடுக்க வருகிறவர்களை விசாரித்தீர்களா என்று நான் கேட்டதையேதான் 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளும் சொல்கின்றன. பிள்ளைகளோடு பழகும் எந்த இடமானாலும், விளையாட்டுப் பயிற்சி மையம் உட்பட, பணியாளர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும்.

ஒரு பிள்ளை உன்னிடம் வந்து ஏதாவது சொன்னால், முழுவதும் கேள். "நன்றாக யோசித்துப் பார், அவர் அப்படிப்பட்டவரா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. சம்பந்தப்பட்டவனைக் கூப்பிட்டு வைத்துப் பஞ்சாயத்து பேசாதே. குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஸ்டேஷன் வாசலை மிதிக்க வேண்டுமே, ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பெற்றோர் பின்வாங்குகிறார்கள். போலீஸ் சீருடையில்லாமல் பிள்ளையின் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பதையும், பெயரை வெளியிடுவது குற்றம் என்பதையும் முகாம் தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லி வை.

பெண் பிள்ளைகளின் அறைக்குத் துணை வேண்டுமானால் நானும் செல்வி அத்தையும் வருகிறோம். சமையலுக்கு வரும் ஆட்களையும் பந்தல் போடுகிறவர்களையும் மறந்துவிடாதே, அவர்களும் பிள்ளைகளோடுதான் இருப்பார்கள். பெரியப்பா மகன் சரவணனிடமும் சரிபார்ப்புச் சான்று வாங்கு. பெரியப்பா கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்.

அன்புடன்,
அம்மா