நீ சொன்ன சொல்லினும்

தஞ்சாவூர்
வைகாசி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிம்மதியாக இருந்தது. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் அப்புறம் மடக்கவே வராது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார், அவருக்கு இரண்டு காலிலும் ஆகியிருக்கிறது.

இங்கே வெயில் கொளுத்துகிறது. கிணற்றடி மாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. என் மனைவி இருந்திருந்தால் ஊறுகாய் ஜாடிகள் வாசல் வரை வரிசை கட்டியிருக்கும். நான் பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூர் போய், கோயில் எதிரே விடிய விடிய ஆடிப் பாடி நடிக்கும் தெலுங்கு நாடகமான பாகவத மேளா பார்க்கப் போகிறேன் என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். "நீயா? பாகவத மேளா பார்க்கவா? அவள் போன பிறகு வீட்டில் விளக்குக்கூட ஏற்றாதவன், பிரகலாதன் நாடகத்தில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறாய். போய்விட்டு வந்துவிட்டேன். பதிலை நிதானமாக எழுதலாம் என்று இன்று காலை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் காரணம் அவள்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் "ஒரு தடவை மெலட்டூர் கூட்டிக்கொண்டு போங்களேன்" என்பாள். 18 கிலோமீட்டர். திட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாற்பது வருஷமாக நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. பரீட்சைத்தாள் திருத்தணும், விடிய விடிய உட்கார இடுப்பு தாங்காது, புரியாத தெலுங்கு என்று ஏதாவது ஒரு சாக்கு. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை அவளுடைய சின்னப் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

இரண்டாவது காரணம் நீ. 1975-ல் கல்லூரி ஆண்டு விழாவில் நீ இரணியனாக நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பாரதிதாசனுடைய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்'. 1934-ல் பெரியார் தலைமையில் அரங்கேறிய நாடகத்தை நாம் பயந்து பயந்து, பாதி காட்சிகளை வெட்டிவிட்டுப் போட்டோம். இரணியன் தமிழ் மன்னன், அவனைச் சூழ்ச்சியால்தான் வீழ்த்த முடிந்தது என்று நீ மேடையில் முழங்கியபோது, பின்னால் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து எனக்கு இரணியன் என்றால் உன் முகம்தான். அந்த ஊர் இரணியன் எப்படி இருப்பான் என்று பார்க்கவும்தான் போனேன்.

ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டேன். வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே தெருவிலேயே பந்தல். இதில் ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரியாது. மேடை கோயிலைப் பார்த்து இருக்கிறது. பெருமாளை எழுந்தருளச் செய்து மேடைக்கு நேர் எதிரே வைத்துவிடுகிறார்கள். நாமெல்லாம் இடையில் உட்கார்ந்துகொண்டு எட்டிப் பார்க்கிறவர்கள்தான். நாடகம் அவருக்கு. ஒரு திண்ணையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் எண்பது வயசு இருக்கும் பெரியவர் ஒருவர், சின்ன வயசில் வேஷம் கட்டினவர். அன்று ராத்திரி முழுக்க எனக்கு அவர்தான் துணை.

இங்கே யாரும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை, வங்கி வேலை பார்க்கிறவர்கள் லீவு போட்டுவிட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். அப்பா போட்ட வேஷத்தைப் பிள்ளை போடுகிறான். பெண் வேஷமும் ஆண்கள்தான். மேடைக்குப் பின்னால் ஒரு வீட்டு ரேழியில் எட்டிப் பார்த்தேன். ஒருவர் பனியனோடு உட்கார்ந்து கைக்கண்ணாடியில் புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி வாயில் நாலு ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு சவுரி முடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "தலையை ஆட்டாதீங்கோ" என்று ஒரு அதட்டல். முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு அவர் எழுந்ததும் சட்டென்று நடை மாறிவிட்டது. லீலாவதி, பிரகலாதனின் அம்மா. பாகவதத்தில் கயாது என்று வரும் பெயர் இந்த நாடகத்தில் லீலாவதி.

ஊரின் கதையைப் பெரியவர் சொன்னார். நாயக்கர் காலத்தில் அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கிணறும் கொடுத்துக் குடியமர்த்தினார் என்பார்கள், அதனால் அச்சுதபுரம் என்று ஒரு பெயரும் இருந்தது. இப்போது ஆடும் நாடகங்களை எழுதியவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி, மராட்டியர் காலம். அரிச்சந்திரன், மார்க்கண்டேயன், உஷா பரிணயம் என்று இன்னும் பல எழுதியிருக்கிறார். ஆனால் நரசிம்ம ஜெயந்தி ராத்திரிக்குப் பிரகலாத சரித்திரம்தான். நடுவில் நொடித்துப்போன இந்தக் கலையைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டவர்களில் வக்கீல் இ. கிருஷ்ணய்யரும் ஒருவர். பெண் வேஷம் கட்டி, பரதநாட்டியத்துக்கு அப்போதிருந்த பெயரான சதிர் ஆடிக்காட்டி, ஆட்டத்தைக் கேவலமாகப் பேசியவர்களோடு மல்லுக்கு நின்றாரே, அவர்தான்.

பத்து மணிக்குமேல் கோணங்கி வந்தான், நாடகத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளி. நீளத் தொப்பி, குதியாட்டம், குழந்தைகள் எல்லாம் எழுந்து முன்னால் ஓடின. அப்புறம் பிள்ளையார் முகமூடி போட்ட ஒரு சின்னப் பையன். ஆறு வயசுகூட இருக்காது. வேண்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு இந்த வேஷம் கட்டுவார்களாம். முகமூடி கனத்தில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. அவன் அப்பா ஓரத்தில் நின்று கையை நீட்டித் தாங்கத் தயாராக இருந்தார்.

நள்ளிரவை ஒட்டி இரணியன். திரைக்குப் பின்னால் சலங்கை கேட்கிறது, பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் பிரவேச தரு ஆரம்பிக்கிறது, திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிகிறது, மறைகிறது. திரை விலகியதும் அந்த மனிதர் மேடையை அளந்த அளவைப் பார்த்தபோது உன் ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது. பெருமாளுக்கு நேராக நின்று, அவர் கண்ணைப் பார்த்து, "யார் அவன்? எங்கே அவன்?" என்று கேட்கிறான். தெலுங்குதான், எனக்கு நாலில் ஒரு வார்த்தை புரிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி எந்த மொழியில் கேட்டாலும் புரியும். இரண்டு வருஷமாக ராத்திரியில் நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் அது.

பெரியவரிடம் கேட்டேன், இப்படி விடிய விடிய சுவாமி எதிரிலேயே நிந்தனை பண்ணுகிறாரே, அந்த வேஷக்காரருக்குக் கூச்சமாக இருக்காதா என்று. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதைக் கேட்கத்தானே சுவாமியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம்" என்றார்.

அந்த வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். திருவையாறு தியாகராஜரும் பிரகலாதனை வைத்து ஒரு இசை நாடகம் எழுதியிருக்கிறார், 'பிரகலாத பக்தி விஜயம்'. அதில் இரணியன் மேடைக்கே வருவதில்லை. கடலில் கட்டிப்போடப்பட்ட பிள்ளையும் அவன் ஏக்கமும் மட்டும்தான். அது ஒரு தனி மனிதனின் பூஜையறை. மெலட்டூர் ஒரு ஊர். ஊருக்கு நடுவே நாடகம் போடும்போது, இல்லை என்கிறவனுக்கும் முழுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பாட்டு அவனுக்கு, கம்பீரமான நடை அவனுக்கு, ராத்திரியில் பாதி அவனுக்கு. அவனைக் கோமாளியாக்கவே இல்லை. நீ கல்லூரி மேடையில் கேட்ட மரியாதை, அந்த இரணியனுக்கு அக்கிரகாரத்து மேடையிலேயே கொஞ்சம் இருக்கிறது என்றால் நம்புவாயா?

உடனே நீ என்ன கேட்பாய் என்று தெரியும். வேஷம் கட்டுவது ஒரு சாதிதானே என்பாய். ஆமாம். அதை நான் மறைக்கவில்லை, எனக்கும் அது உறுத்தியது. ஆனால் இந்த நாடகம் அந்தத் தெருவோடு நிற்கவில்லை. இதே தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆர்சுத்திப்பட்டில் விவசாயிகள் தமிழிலேயே இரணிய நாடகம் போடுகிறார்கள். அங்கே இரணியனும் இரண்டு பேர், லீலாவதியும் இரண்டு பேர், பிரகலாதனும் இரண்டு பேர். ஒரே நேரத்தில் மேடையில் நிற்பார்கள். ஒரு ஆளுக்குள் அடங்காத கோபத்தை இரண்டு ஆள் தூக்கிச் சுமக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அடுத்து அங்கேதான் போக வேண்டும்.

மூன்று மணிக்குமேல் லீலாவதி. புருஷனுக்கும் பிள்ளைக்கும் நடுவே அல்லாடுகிறாள். சாமி உண்டா இல்லையா என்பது அவளுக்குப் பிரச்சினையே இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டும், புருஷனும் கெட்டுப்போகக் கூடாது. புருஷன் காலைப் பிடிக்கிறாள், பிள்ளையின் கன்னத்தைத் தடவுகிறாள். அந்தக் கை ஒரு ஆணின் கை, மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம்கூடத் தெரிந்தது. ஆனாலும் என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நம் வீட்டில் நான் ஒரு பக்கம் கடவுள் இல்லை என்று கத்த, மகன் இன்னொரு பக்கம் மாலை போட்டுக்கொண்டு நிற்க, அவள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சமைத்துப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாளே, அதை அன்று ராத்திரி மூன்று மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அவள் ஏன் ஒவ்வொரு வருஷமும் இங்கே வர ஆசைப்பட்டாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அழுதேன். பெரியவர் எதுவும் கேட்காமல் தன் விசிறியை என் பக்கம் திருப்பி வீசிக்கொண்டிருந்தார்.

விடியப் போகிற நேரம், தூண். "இந்தத் தூணில் இருக்கிறானா?" தூங்கி விழுந்துகொண்டிருந்தவர்களை எல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டி எழுப்பினார்கள். உனக்குக் கம்பன் பாட்டு ஞாபகம் இருக்கும், நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். சாணினும் உளன் என்று ஆரம்பித்து, "இந் நின்ற தூணினும் உளன், நீ சொன்ன சொல்லினும் உளன்" என்று பிரகலாதன் சொல்வானே. நீ இல்லை என்று சொன்னாயே, அந்தச் சொல்லிலும் இருக்கிறான் என்று. ஸ்ரீரங்கத்தில் இந்தப் படலத்தைக் கம்பன் அரங்கேற்றியபோது மேட்டழகிய சிங்கர் தலையை அசைத்துக் கேட்டார் என்று கதை சொல்வார்கள். இத்தனை நாள் அதை அழகான வாதம் என்று மட்டும் ரசித்தேன். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது. மகன் அப்பாவை மடக்குவதற்காகச் சொல்லவில்லை, அவர் தனியாக நிற்கிறாரே என்று சொல்கிறான்.

நரசிம்மர் முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூஜை செய்கிறார்கள். அதைக் கட்டுகிறவர் விரதம் இருந்துதான் கட்டுவார். முகம் ஏறியதும் அவர் நிலை மாறிவிடுகிறது. ஆட்கள் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள், பிடித்தவர்கள் தடுமாறுகிறார்கள். இரணியன் பின்வாங்கவே இல்லை, எதிர்த்து எதிர்த்து வருகிறான். அவனையும் பிடிக்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பது, குடலை மாலையாகப் போடுவது எதுவும் மேடையில் கிடையாது. இரண்டு பேரையும் விலக்கித்தான் நாடகம் நிற்கிறது. கற்பூரம் காட்டினார்கள். கிழக்கே வெளுத்துவிட்டது. எல்லோரும் கை கூப்பினார்கள். நான் கூப்பினேனா என்று கேட்பாய். கையில் அவள் பை இருந்தது. அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. வீட்டில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. ஆனால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தேன். அதை வைப்பதற்கு ஒரு ஊர் இடம் வைத்திருக்கிறது என்று தெரிந்தது. அது பெரிய ஆறுதலாக இருக்கிறது.

காலையில் டீக்கடை பெஞ்சில் இரணியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதோரம் அரிதாரம் இன்னும் போகவில்லை. கண் சிவந்திருந்தது. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, தஞ்சாவூரில் ரயில் ஏற வேண்டுமாம், மறுநாள் ஆபீஸ். நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்ல நினைத்தேன், வார்த்தை வரவில்லை. அவருக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் உன் கால் தேறியிருக்கும். வந்துவிடு. திண்ணையில் காலை நீட்டி உட்கார இடம் பிடித்து வைக்கிறேன், பெரியவரிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது. அந்தக் கல்லூரி நாடகத்தின் கையெழுத்துப் பிரதி உன் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா. நாம் வெட்டிய காட்சிகள் எவை என்று மறந்துபோய்விட்டது.

ஊறுகாய் ஒரு பாட்டில் மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் கைப்பக்குவம் இல்லை, நானே போட்டது. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

என்றும் உன்
பழைய திரைக்கயிற்றுக்காரன்