மூன்றாம் பருவத் தொடக்கக் கடிதம்: ஏழாம் வகுப்புச் செயல்திட்டம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கினார்கள். கோ-கோ அணி நன்றாக ஆடியது. அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் திரளாக வந்தீர்கள். மழை விடுமுறையில் விட்டுப்போன பாடங்களை ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் முடித்துக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

இனி, ஏழாம் வகுப்புச் செயல்திட்டம். மற்ற வகுப்புப் பெற்றோரும் தயவுசெய்து படியுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதுபோன்ற வேலைகள் வரும்.

கணக்குக்கும் சமூக அறிவியலுக்கும் பொதுவாக டிசம்பரில் ஒரு வளரறி மதிப்பீட்டு வேலை கொடுத்தோம். ஆசிய விளையாட்டுப் போட்டி 1951இல் டெல்லியில் தொடங்கியது. 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்தது பத்தொன்பதாவது. ஒவ்வொரு போட்டியின் பதக்கப் பட்டியலையும் ஆசிரியர்கள் வகுப்பிலேயே எழுதிப் போட்டார்கள். பிள்ளைகள் ஐந்து நாடுகளைத் தேர்ந்தெடுத்து, தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பிரித்துக் கூட்டி, ஒரு சார்ட்டில் வரைந்து வர வேண்டும். அவ்வளவுதான்.

வந்த சார்ட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. ஒரே எழுத்து, ஒரே கொடிகள், ஒரே லேமினேஷன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே தவறும் இருந்தது. 2018 ஜகார்த்தா போட்டியில் இந்தியாவுக்கு 15 தங்கம், மொத்தம் 69 பதக்கம் என்று போட்டிருந்தார்கள். போட்டி முடிந்த அன்று கணக்கு அதுதான். பிறகு பஹ்ரைன் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதி இழந்ததால், 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் (இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஆளுக்கு 400 மீட்டர்) இந்தியா வாங்கிய வெள்ளி தங்கமாக மாறியது. அந்தத் தகுதியிழப்பால் 400 மீட்டர் தடை ஓட்டத்திலும் நமக்கு ஒரு வெண்கலம் கிடைத்தது. சரியான எண்ணிக்கை 16 தங்கம், மொத்தம் 70. வகுப்பில் எழுதிப் போட்டதும் இதைத்தான்.

ஒரு மாணவனை எழுப்பி, இந்த 69 எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். “அது எனக்குத் தெரியாது மிஸ், அப்பாதான் கடையில் வாங்கி ஒட்டினார்” என்றான் பிள்ளை. உண்மையைச் சொன்னதற்காக அவனை வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாராட்டினேன்.

அதே வகுப்பில் ஒரு மாணவி கோடு போட்ட நோட்டுத் தாளை நான்காக ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். கோடுகள் நேராக இல்லை. இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தாள். ஆனால் இந்தியாவின் தங்க வரிசையைக் கூட்டிக்கொண்டு வரும்போது அவளே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். 1951 டெல்லியில் இந்தியா வாங்கிய தங்கம் 15. அதற்குப் பிறகு 2014 வரை எந்தப் போட்டியிலும் அந்த எண்ணைத் தாண்டவில்லை. 1990 பெய்ஜிங்கில் ஒரே ஒரு தங்கம், அதுவும் கபடியில் வந்தது. 1982இல் 13, 2010இல் 14 என்று கிட்டே போய்த் திரும்பியிருக்கிறோம். முதன்முதலில் 15ஐத் தாண்டியது 2018இல்தான், அதுவும் பின்னால் வந்த அந்தத் தொடர் ஓட்டத் தங்கத்தால். அந்த நால்வரில் ஒருவர் நம் திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் என்று ஆசிரியர் சொன்னதும், அவள் தன் சார்ட்டில் அந்த 16ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். 69 என்று அச்சடித்த தாளை ஒட்டி வந்த பிள்ளைக்கு இது கிடைக்க வழியே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தாங்களே கூட்டிய மற்ற பிள்ளைகளும் இப்படி ஏதாவது ஒன்றுடன்தான் வந்தார்கள். சீனா 1974இல்தான் முதலில் கலந்துகொண்டது. முதல் ஆறு போட்டிகளின் கட்டங்கள் காலியாக இருந்தும், மொத்தத் தங்கத்தில் அந்த நாடுதான் 1,600ஐத் தாண்டி முதலிடத்தில் நிற்கிறது. 1951 முதல் 1978 வரை எட்டு முறையும் முதலிடத்தில் இருந்த ஜப்பான் இரண்டாவது, தென் கொரியா மூன்றாவது. இது எப்படி என்று கேட்ட பையன், 1982இலிருந்து வரிசையாகப் பார்த்துவிட்டு, பதினொரு முறையும் சீனாதான் முதலிடம் என்று பதிலையும் அவனே சொன்னான்.

இன்னொரு பிள்ளை, தங்கத்தைவிட வெண்கலம் ஏன் அதிகம் என்று கேட்டாள். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ போன்றவற்றில் ஒரு பிரிவுக்கு இரண்டு வெண்கலம் தருகிறார்கள் என்பதைப் பிறகு வகுப்பு முழுக்கத் தெரிந்துகொண்டது. இலங்கையைத் தேர்ந்தெடுத்த மாணவன், பழைய பட்டியல்களில் ‘சிலோன்’ என்று இருப்பதும் அதே நாடுதான் என்று கண்டுபிடித்துச் சேர்த்துக் கூட்டினான். 1958 டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் அந்த நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்பதை அவன் பாட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீட்டு உதவி என்று நாங்கள் கேட்பது இதைத்தான்.

மதிப்பெண் பற்றி வந்த புகாருக்கும் பதில் சொல்கிறேன். கோணல் கோட்டுச் சார்ட்டுக்கு 10க்கு 10, லேமினேஷன் சார்ட்டுக்கு 4, இது என்ன நியாயம் என்று சிலர் கேட்டீர்கள். அச்சிட்ட சார்ட்டுகள் ஹாங்சோ வரிசையில் தென் கொரியாவை இரண்டாவதாகப் போட்டிருந்தன. கொரியாவின் மொத்தப் பதக்கம் 190, ஜப்பானுக்கு 188. ஆனால் வரிசைப்படுத்துவது முதலில் தங்கத்தை வைத்து. ஜப்பானுக்கு 52, கொரியாவுக்கு 42. 1986 சியோலில் சீனா 94 தங்கம், கொரியா 93, மொத்தத்தில் மட்டும் கொரியா 224, சீனா 222. எதை வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்பதுதான் இந்தப் பாடத்தின் மையம். அதை விளக்கிச் சொன்ன பிள்ளைக்கு 10, சொல்ல முடியாத பிள்ளைக்கு 4. மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை.

வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர், பிள்ளைகள் எல்லோரின் மதிப்பெண்ணையும் பெயரோடு முதலிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்திப் போட்டிருக்கிறார். கடைசியில் பெயர் இருந்த குழந்தை மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. இதை நான் அனுமதிக்க மாட்டேன். அந்தப் பதிவை நீக்கச் சொல்லிவிட்டோம். இன்னொரு முறை நடந்தால் குழுவை மூடிவிடுவேன். அதேபோல், இரவு பத்து மணிக்கு மேல் ஆசிரியர் வீட்டுக்குப் போன் செய்து சத்தம் போடுவதும் கூடாது. குறை இருந்தால் மாலை நான்கரைக்கு மேல் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். கடையில் வாங்கிய, பெரியவர்கள் செய்துகொடுத்த செயல்திட்டத்துக்கு இந்தப் பருவத்திலிருந்து மதிப்பெண் கிடையாது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. பல வீடுகளில் இரண்டு பேரும் வேலைக்குப் போய்த் திரும்ப ஏழரை ஆகிறது. ஒன்பது மணிக்குப் பிள்ளை அழுதால் யாருக்கும் கடைதான் ஞாபகம் வரும். அப்புறம், நாங்கள் கொடுத்த அவகாசமும் வெறும் நான்கு நாள். அது போதாது, எங்கள் பக்கத் தவறு. இனிமேல் பத்து நாள் தருவோம், வேலையின் பெரும்பகுதியை வகுப்பிலேயே செய்ய வைப்போம்.

4 வாங்கிய பிள்ளைகளுக்கு மறுவாய்ப்பு உண்டு. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, அவர்களே மறுபடி கூட்டி வரையலாம். 2026 செப்டம்பரில் ஜப்பானின் நகோயாவில் அடுத்த போட்டி நடக்கும்போது புதிய எண்களைச் சேர்க்கக் கடைசியில் ஒரு கட்டம் காலியாக விடச் சொல்லியிருக்கிறோம். சார்ட் அட்டையைப் பள்ளியே தரும். பென்சில், ஸ்கேல், அழிப்பான் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்துக் காட்டி, கூட்டுவதைப் பிள்ளையிடமே விட்ட பெற்றோர் பலர் இருக்கிறீர்கள். தன் டீக்கடையில் சேர்ந்த பழைய செய்தித்தாள்களிலிருந்து விளையாட்டுப் பக்கங்களைத் தனியே எடுத்து வகுப்புக்கே கொண்டுவந்து கொடுத்த அப்பாவுக்கும், உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்