சிமெண்ட் பூசாதே

அன்புள்ள சுப்பு,

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே அமெரிக்காவில், டூசானில் எல்லோரும் சுகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஐயா கட்டின வீட்டு முகப்பின் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசப்போவதாக எழுதியிருந்தாயே, அதை நிறுத்தி வை. இதில் பிடிவாதம் பிடிக்காதே.

ஊருக்குத் தெற்கே, டொஹோனோ ஓதாம் பழங்குடிகளின் நிலத்தில் சான் சேவியர் டெல் பாக் என்றொரு தேவாலயம் இருக்கிறது. 1783இல் தொடங்கி 1797இல் முடித்த செங்கல், சுண்ணாம்புக் கட்டடம். பிற்காலத்தில் ரிப்பேர் என்று மேலே சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. விரிசலில் இறங்கின மழைத்தண்ணீர் உள்ளேயே தங்கி, உட்சுவர் ஓவியங்கள் வரை பாழாக ஆரம்பித்துவிட்டன. கடைசியில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்பினார்கள். அந்தச் சாந்தில் என்ன சேர்த்தார்கள் தெரியுமா? சப்பாத்திக்கள்ளிச் சாறு!

நம்ம ஊர் வேலிச் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். இங்கே பாலைவனத்தில் தானாக வளர்வது அதன் பங்காளி இனம். மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். மட்டையை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்தால் வழவழவென்று சாறு இறங்கும். அதை வடிகட்டிச் சுண்ணாம்பு, மணலோடு குழைப்பார்கள். பூச்சு சட்டென்று காய்ந்து வெடிக்காது, சுவரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முத்தையா கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை ஊற்றி அரைப்பாரே, அதே கணக்கு.

இந்தச் செடியில் இங்குள்ளவர்கள் எதையும் வீணாக்குவதில்லை. வசந்தத்தில் இளம் மட்டையை முள் சீவிக் கறி சமைப்பார்கள். கோடை முடிவில் பழத்தின் சுணையைப் போக்கிப் பாகு காய்ச்சுவார்கள். மட்டையைப் பிளந்து சூடுகாட்டி வீக்கத்துக்குக் கட்டுவதும் உண்டு. மட்டையில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கும் பூச்சியை நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின்காரர்கள் வெள்ளிக்கு அடுத்தபடியாக ஏற்றுமதி செய்து கொழுத்தது இந்தச் சாயத்தில்தான். அதே ஆசையில்தான் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கிழக்கிந்தியக் கும்பினி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம்ம சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார்.

சரி, உன் சுவருக்குக் கள்ளி வேண்டாம், கடுக்காய் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கானாடுகாத்தான் பக்கம் இன்னும் இருப்பார்கள், முத்தையா மகனிடம் விசாரி. கூலி கூடத்தான் ஆகும், நாளும் பிடிக்கும். பரவாயில்லை, என் பங்குக்கு நான் அனுப்புகிறேன். அந்தத் திண்ணையில் எனக்கும் பாதி உரிமை உண்டு என்று ஐயாவே சொல்லியிருக்கிறார்.

சிமெண்ட் ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா? முதலில் அதை எழுது. அப்புறம் சுவரைத் தட்டிப் பார்த்து, எங்கெங்கே உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வருகிறது என்று போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராமு