முதல்முறை வருகிறவருக்கு என்ன வாங்கித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன நண்பர்களையும் வெளிநாட்டிலிருந்து வந்த அலுவலகத் தோழர்களையும் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குச் சாப்பிட அழைத்து வருவது நம்மிடம் உள்ள நல்ல பழக்கம். ஆனால் உட்கார்ந்ததும் நமக்குப் பிடித்ததையே அவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். மட்டன் பிரியாணி, மிளகுக் கோழி, ஒரு மீன் குழம்பு, ஊறுகாய் என்று மேசை முழுக்கச் சிவப்பும் பழுப்புமாக நிறைந்துவிடும். விருந்தாளி நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடுவார்.

சமையலறை நடைமுறை ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். 'காரம் குறைவாக' என்று சொல்வது எல்லாவற்றுக்கும் பலிக்காது. சாம்பார், குருமா, பிரியாணி எல்லாம் முன்னதாகவே பெரிய பாத்திரத்தில் தயாராகிவிடுகின்றன. போட்ட மிளகாயை யாரும் திரும்ப எடுக்க முடியாது. வெந்நீர் ஊற்றினால் குழம்பின் ருசிதான் போகும். கல்லிலும் வாணலியிலும் கேட்டபிறகு செய்கிற தோசை, ஊத்தப்பம், முட்டைப் பிராட்டா (பரோட்டா), மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்) போன்றவற்றில்தான் குறைக்க முடியும். ஊத்தப்பத்துக்குப் பச்சை மிளகாய் வேண்டாம், தோசைக்குப் பொடி வேண்டாம் என்றால் அப்படியே செய்து தருவார்கள்.

இங்குள்ள சீனர்கள் பலருக்கு மிளகாய் ஒரு பொருட்டே அல்ல. மிளகாயும் இறால் விழுதும் சேர்த்து அரைத்த சம்பல் பிளாச்சான் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்களைத் தயங்க வைப்பது பெரும்பாலும் வெந்தயத்தின் கசப்பு, சோற்றில் பிசைந்த தயிர், திகட்டும் இனிப்பு ஆகியவைதான். அதனால் வத்தக்குழம்பையும் குலாப் ஜாமூனையும் முதல் நாளே நீட்ட வேண்டாம். மீன் தலைக் கறியைத் துணிந்து சொல்லலாம். கேரளத்துக்காரரான கோமஸ் 1949ல் இங்கே அதை விற்கத் தொடங்கியதே, சீன வாடிக்கையாளர்கள் மீன் தலையை விரும்பியதைப் பார்த்துத்தான் என்பார்கள். ஐரோப்பிய நண்பர் என்றால் தட்டிலிருந்து பார்க்கும் மீன் கண்ணே அவரை மிரட்டிவிடலாம். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்த ஆப்பம் எல்லோருக்கும் ஒத்துப்போகும்.

நான்கு பேர் என்றால் ஒரு தட்டு இட்லி, இரண்டு மெதுவடை, ஒரு நெய்த்தோசை, ஒரு மசால் தோசை போதும். எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிருங்கள். தோசைகளை மட்டும் ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று சொல்லுங்கள். கல்லிலிருந்து இறங்கிச் சில நிமிடங்களில் மொறுமொறுப்பு போய்த் துவண்டுவிடும். முதல்முறை சாப்பிடுகிறவர் அதுதான் தோசை என்று நினைத்துக்கொள்வார். தேங்காய்ச் சட்னியை அவர் பக்கமும் காரச் சட்னியை உங்கள் பக்கமும் வையுங்கள்.

வாழை இலைச் சாப்பாட்டை இரண்டாவது வருகைக்கு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் பத்துச் சுவை வந்தால் எதுவும் மனத்தில் நிற்காது. அழைத்துப் போனால், சோற்றை ஒரு கரண்டி மட்டும் வைக்கச் சொல்லிப் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், ரசம், கடைசியில் மோர் என்று வரிசையைக் காட்டுங்கள். இலையில் நாம் கவனிக்காமல் விடும் ஆபத்து மோர் மிளகாய். அப்பளத்துக்குப் பக்கத்தில் பொரித்து வைத்திருப்பதால் அதையும் நொறுக்குத்தீனி என்று முழுதாகக் கடித்துவிடுவார்கள். முருங்கைக்காயைச் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும், கறிவேப்பிலையையும் கிராம்பையும் ஒதுக்கிவிடலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் உதவாது. தயிரோ மோரோ கொடுங்கள். பாலில் உள்ள புரதம் மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும். கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

மிகவும் கவனம் தேவைப்படுவது 'சைவம்' என்ற சொல்லில். நம் சைவத்தில் பால், தயிர், நெய் உண்டு, முட்டை இல்லை. சைவம் சாப்பிடும் சீன பௌத்தர் பலருக்கு வெங்காயமும் பூண்டும் கூடாது. அவர்களுடைய பழைய பட்டியலில் பெருங்காயமும் உண்டு. அவரைச் சைவ உணவகத்துக்கு அழைத்து வந்து சாம்பாரை ஊற்றினால் மூன்றும் ஒரே கரண்டியில் போய்ச் சேரலாம். அவருக்கு வெறும் இட்லி அல்லது சாதா தோசை, வெண்பொங்கல், கேசரி பொருந்தும். சட்னியில் பூண்டும் பொங்கலில் பெருங்காயமும் சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். மலாய் நண்பர்கள் சிலர் சைவக் கடையாக இருந்தாலும் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழை எதிர்பார்ப்பார்கள். இடத்தை முடிவு செய்யும் முன்பே அவர்களிடம் கேட்பதுதான் மரியாதை.

ஒவ்வாமை இன்னும் கடுமையான விஷயம். பட்டர் சிக்கன், குருமா ஆகியவற்றில் முந்திரி அரைத்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. எலுமிச்சைச் சாதத்திலும் புளிசாதத்திலும் நிலக்கடலை இருக்கும். கோதுமை ஆகாதவர் அரிசித் தோசையை நம்பிச் சாப்பிடுவார். ஆனால் சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ரவா தோசை கோதுமையேதான்.

உணவகம் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். உணவுப் பட்டியலில் பெயருக்குக் கீழே பால், கொட்டை வகை, கோதுமை, வெங்காயம்-பூண்டு உண்டா என்று ஒரு வரி சேர்த்து, காரம் குறைக்கக்கூடிய உணவுகளுக்கு மட்டும் ஒரு குறியிடுங்கள். சமைப்பவருக்குத் தெரிந்த இந்த விவரம் பரிமாறுகிறவருக்குப் பல நேரம் தெரிவதில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதிய ஓர் அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாலும் போதும்.

வாசகர்,
ஈசூன்