சயனைடு மேட்டைத் தொடுமுன்

மத்திய சுரங்க அமைச்சகத்துக்கும் கர்நாடக அரசுக்கும், கோலார் தங்கவயலிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் ஊரில் மலைபோல் குவிந்திருக்கும் சுரங்கக் கழிவு மண்ணிலிருந்து (தங்கம் பிரிக்கச் சயனைடு கலந்ததால் அதைச் சயனைடு மேடு என்போம்) மிச்சத் தங்கத்தை எடுக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரும் என்றால் சந்தோஷம்தான். ஆனால் மண்வெட்டி விழுமுன் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

1880இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்தபின் இங்கே குழி இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்த வந்த தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அதில் தப்பியவர்களையும் கல்தூசி விடவில்லை. என் தாத்தா கடைசி வருடங்களில் படுத்துத் தூங்கியதே இல்லை. சுவரில் தலையணையை நிறுத்திச் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்குவார்.

1902இல் காவிரியின் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, பெங்களூருக்கு முன்பே. வந்தது இயந்திரங்களுக்காக. சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது என்கிறார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள், மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தியவர்களையும், 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்தியவர்களையும், 1946 போராட்டத்தில் போலீஸ் சுட்டுச் செத்தவர்களையும் எழுதுவதில்லை. ஊரை ஊராக்கியது அவர்கள்தான்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று எங்கள் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூரு போய், ராத்திரி திரும்புகிறார்கள். மேடு மட்டும் அப்படியே நிற்கிறது. வெயில் காலத்தில் காற்றடித்தால் காயும் துணியில் சாம்பல் நிறத்தில் படிகிறது. சோற்றுப் பானையை மூடாமல் வைக்க முடியாது. அதைக் கிளறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா?

அதனால் கேட்கிறோம். தூசியை எப்படி அடக்குவீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, தமிழிலும் கன்னடத்திலும் எங்களுக்குக் கொடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலிடம் வேண்டும். இன்னும் உயிரோடிருக்கும் தொழிலாளர்களின் நுரையீரலை அரசுச் செலவில் பரிசோதியுங்கள். அப்புறம், பழைய வருகைப் பதிவேடுகள், விபத்துப் பதிவேடுகள் எவையெல்லாம் எஞ்சியிருக்கின்றனவோ அவற்றைக் கரையானுக்கு விடாமல் ஊருக்குள்ளேயே ஓர் ஆவணக் காப்பகத்தில் வையுங்கள். தாத்தாவின் பெயர் எந்த ஷாஃப்டில் (சுரங்கக் குழியில்), எந்த வருடத்தில் இருக்கிறது என்று பேரப்பிள்ளைகள் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் பிறந்த ஒருவன்