பெரிய டயரும் சின்ன பிரேக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய ஜீப்புகளை வீட்டிலேயே புதுப்பிக்கும் இளைஞர்களைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். இடுப்புயர டயர், முன்னால் எருமைக் கொம்பு மாதிரி இரும்புக் கம்பி, தலைக்கு மேல் எட்டு விளக்கு. நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். ‘பிரேக்’ என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. அதுவும் ‘டீ பிரேக்’.

அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், வாத்தியார் பழக்கம்.

போடிநாயக்கனூரில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் 31 வருடம் இயற்பியல் நடத்திவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றேன். அப்பா ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டியவர். இருட்டோடு கிளம்பி, தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் இறக்கிவிட்டு, பொழுது சாய அவர்களையே கூட்டிக்கொண்டு இறங்குவார். வண்டி 1978 மாடல் மகிந்திரா சி.ஜே. 3பி. அப்பா வாங்கும்போதே அது இரண்டாம் கை. அவர் உடம்பு முடியாமல் போனபிறகு பத்து வருடம் எங்கள் மாட்டுக்கொட்டகையில் நின்றது. கோழி முட்டையிட்டது, பூனை குட்டி போட்டது. வண்டி மட்டும் அசையவில்லை.

இந்த ஜீப்பின் பானெட் மற்ற பழைய ஜீப்புகளைவிட உயரமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்ததில்லை. அமெரிக்க வில்லிஸ் நிறுவனம் 1953-ல் இந்த மாடலில் ஹரிக்கேன் என்ற பெட்ரோல் என்ஜினைப் போட்டது. அதில் காற்று உள்ளே வரும் வால்வு மேலே தலையில் இருக்கும், புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டில் பிளாக்கில் இருக்கும். என்ஜின் உயர்ந்துவிட்டதால் பானெட்டையும் தூக்கினார்கள். அங்கே 1968-லேயே இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். வில்லிஸ் உதிரி பாகங்களை இறக்கிப் பூட்டுவதில் 1940-களின் கடைசியில் ஆரம்பித்த மகிந்திரா, இங்கே அதற்குப் பிறகும் வெகுகாலம் இதைச் செய்துகொண்டிருந்தது. எங்கள் வண்டியில் இப்போது அந்த என்ஜின் இல்லை. பெட்ரோல் குடிக்கிறது என்று 1990-களில் அப்பா கழற்றிவிட்டு, விபத்தில் சிக்கிய ஒரு வண்டியின் பெஜோ டீசல் என்ஜினை வாங்கி, லேத்தில் அடாப்டர் பிளேட் ஒன்று கடைந்து பூட்டினார். ஆனால் ஒன்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி ஆர்.சி. புத்தகத்தில் ‘டீசல்’ என்று எழுதி வாங்கிவிட்டுத்தான் ரோட்டில் இறக்கினார். எட்டாவதைத் தாண்டாத மனிதர்.

2019 கடைசியில் வேலையைத் தொடங்கினேன். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். விடைத்தாள் கட்டிய கை. ஊரடங்கில் உதவிக்கு ஆள் இல்லாமல் பாதியில் நின்றது. பிறகு பக்கத்து வீட்டுப் பையன்கள் ஆறு பேர் வந்து பாடியைத் தூக்கி செங்கல் மேல் வைத்தார்கள். வெளியே இருந்து பார்த்தபோது நல்ல தகடு என்றுதான் நினைத்தேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கழித்துக்கட்டிய ஒரு சட்டக் காந்தம் கைவசம் இருந்தது. அதை எடுத்து மேலே ஓட்டிப் பார்த்தேன். பின் சக்கர வளைவில் ஒட்டவில்லை. கால் வைக்கும் பலகையில் ஒட்டவில்லை. தகடு இருந்தால்தானே ஒட்டும்? எந்தக் காலத்திலோ ஒரு டிங்கர் துருவைச் சுரண்டாமல் பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையை அப்பி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார். சுத்தியலால் லேசாகத் தட்டினேன், பலகை அப்பளம் போல் நொறுங்கிக் கீழே மண் தெரிந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். எனக்குத் தகடு வேலைக்கு மட்டும் 38,000 ரூபாய் ஆனது.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் நன்றாக இருந்தது. நாசில், பம்ப், ஹீட்டர் பிளக் எல்லாம் பார்த்தாயிற்று. அதெல்லாம் காசு கொடுத்தால் நடக்கும் வேலை.

இனி டயருக்கு வருகிறேன். என் மகன் பெங்களூரில் இருக்கிறான். வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு, “அப்பா, இந்த டயரோட வண்டி பார்க்க கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு” என்றான். வண்டிக்கு உரியது 6.00-16 டயர், அகலம் ஆறு அங்குலம், உயரம் 28 அங்குலத்துக்குச் சற்று மேல். அவன் வாங்கி வந்தது 31 அங்குல உயரம், பத்தரை அங்குல அகலம். அது உள்ளே இடிக்காமலிருக்க, ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டி வண்டியைத் தூக்க வேண்டும்; ரிம்மை வெளியே தள்ள வேண்டும். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். பார்க்க ராஜா மாதிரி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நானும்தான் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரமே 45 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. கை இரண்டும் ஆட, வண்டியை நிறுத்தினால்தான் உதறல் நிற்கும். முன் அச்சின் சாய்வு மாறிவிட்டது; முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின்னின், ஏற்கெனவே தேய்ந்திருந்த பேரிங்குக்கு அகல டயரின் சுமையும் சேர்ந்துவிட்டது. அப்பா காலத்து மெக்கானிக் ஒருவர் இன்னும் இருக்கிறார், எழுபது தாண்டியவர். அவரிடம் கொண்டுபோனேன். குனிந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “சார், டயரைப் பெருசாக்கிட்டீங்க. பிரேக்கை யாரு பெருசாக்குறது?”

31 வருடம் திருப்புத்திறன் நடத்தியவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் நகராது, விளிம்பில் தள்ளினால் ஒரு விரல் போதும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம், கீல் பக்கம். டயர் தரையைத் தொடும் இடம், விளிம்பு. ஆரம் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடினால், அதே பெடல் மிதிக்கு வண்டியைப் பிடிக்கும் விசை கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். 40 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 43, 44-ல் போகும். கணக்கு தெரிந்தது. ஆனாலும் அடுத்த மாதம் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மகன் லீவில் வந்திருந்தான், பேரன் ஆசைப்பட்டான்.

2021 அக்டோபர். பூப்பாறையில் ஒரு வீட்டு விசேஷம் முடிந்து இறங்குகிறோம். மகன் ஓட்டுகிறான், பக்கத்தில் நான், பின்னால் பேரன். இந்தப் பழைய கியர்பாக்ஸில் மூன்றே கியர், முதல் கியருக்கு, சுழலும் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ கிடையாது. ஓடும் வண்டியில் விழாது. இறக்கத்தில் முன்கூட்டியே கியரைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கார் ஓட்டிப் பழகிய மகன் மூன்றாவதில் விட்டு பிரேக்கிலேயே வந்தான். நான்காவது வளைவில் தீய்ந்த வாசனை. ஆறாவது வளைவில், “அப்பா, பெடல் கீழ போகுது” என்றான். டிரம் சூடேறி விரிந்து, உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகிப் போனால் அப்படித்தான். எப்படியோ இரண்டாவதுக்கு இறக்கிவிட்டான். அது போதவில்லை.

காப்பாற்றியது ஹேண்ட் பிரேக். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. என்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டில் தனி டிரம்மாக இருக்கிறது. சக்கர பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதைவிட முக்கியம், பின் அச்சில் ஷாஃப்ட் சுழற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனில் 8 பல், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுனில் 43 பல். ஷாஃப்டில் பிடிக்கும் பிடி ஐந்தேகால் மடங்குக்கு மேல் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகும். அதே காரணத்தால் வெடுக்கென்று இழுத்தால் எதையாவது முறித்தும் விடும். விட்டு விட்டு இழுத்தேன். வண்டி மலைப்பக்கம் ஒதுங்கி, ஓடையில் ஒரு சக்கரம் இறங்கி, மண்மேட்டில் சாய்ந்து நின்றது. பேரனுக்கு நெற்றியில் ஒரு சின்ன வீக்கம். வேறொன்றும் இல்லை. அந்த ஹேண்ட் பிரேக்குக்குப் புது லைனிங் போட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவரும் அதே மெக்கானிக் கிழவர்தான். நான் அப்போது, “அது எதுக்கு அண்ணே, நிறுத்தி வைக்கிறப்ப கல்லு வெச்சுக்கலாம்” என்று சொல்லியிருந்தேன்.

மறுநாளே டயர், ஷாக்கிள், ரிம் எல்லாவற்றையும் கழற்றினோம். எங்கள் வண்டியிலும் முன்னால் இருந்த இரும்புக் கொம்பும் போனது. அதை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுக்கச் சொல்லிவிட்டது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பிறகு செய்த மாற்றங்கள் எதுவும் படத்தில் தெரியாது. அதனால்தான் உங்கள் கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். பெடல் மிதியை எண்ணெய் அழுத்தமாக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும் பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. அதை எடுத்துவிட்டு, முன் சக்கரத்துக்குத் தனி, பின் சக்கரத்துக்குத் தனி என்று இரண்டு அறை உள்ளதைப் போட்டோம். பிந்தைய மாடல் ஜீப்பிலிருந்து பெரிய டிரம் நான்கு. சீட் பெல்ட் போட்டபோது வெறும் தரைத் தகட்டில் போல்ட் போடாமல், அடியில் கனமான பட்டை கொடுத்து சேஸிஸோடு சேர்த்தோம். இல்லையென்றால் இடிக்கும்போது பெல்ட் தகட்டோடு பிய்ந்து வரும். ஹெட்லைட் மின்மினிப்பூச்சி மாதிரி எரிந்துகொண்டிருந்தது. பல்பை மாற்றச் சொன்னார்கள். நான் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாற்பது வருட ஒயரிலும் சுவிட்சிலுமே இரண்டு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துகொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் விடும் ரிலே இரண்டு, புது ஒயர், மொத்தம் அறுநூறு ரூபாய். அதே பல்பில் வளைவு முழுக்கத் தெரிகிறது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். பெரிய டயருக்கு அது நியாயம்தான், நானே அனுபவித்துவிட்டேன். ஆனால் நல்ல பிரேக் போடுகிறவன் என்ன செய்ய வேண்டும்? என் மாற்றங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். ஒரு கவுன்ட்டரில், “இதெல்லாம் எழுத இடமில்லை சார்” என்றார்கள். இன்னொருவர், “யார் கேட்கப் போறா, ஓட்டுங்க” என்றார். என்ஜின் மாற்றத்தை அப்பாவால் புத்தகத்தில் ஏற்ற முடிந்தது, பிரேக் மாற்றத்தை என்னால் முடியவில்லை.

பழைய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் விதியும் எனக்கு உதவாது. ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும், அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது, அன்றாடம் ஓட்டக் கூடாது. எனக்குக் கண்காட்சி வண்டி வேண்டாம். தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றப் போகிறேன். அதற்காக, 20 வருடம் தாண்டிய கார், ஜீப் வகைக்கு 2025-ல் பத்தாயிரம் ரூபாயாக்கிய மறுபதிவுக் கட்டணத்தையும் கட்டத் தயார். என்னென்ன பாதுகாப்பு மாற்றத்தை யார் பரிசோதித்து எங்கே பதிவது என்று போக்குவரத்துத் துறை ஒரு பக்கத்தில் அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும். உங்கள் நிருபர் இதைக் கேட்டு எழுதினால் கட்டுரைக்கு ஈடாகிவிடும். எருமைக் கொம்புப் படத்தை மன்னித்துவிடுகிறேன்.

அந்த நான்கு டயரும் இன்னும் கொட்டகையில் கிடக்கின்றன. இரண்டில் மண் நிரப்பி என் மனைவி கனகாம்பரம் வைத்திருக்கிறார். மீதி இரண்டை விலைக்குக் கேட்டு போன மாதம் கம்பத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். என்ன வண்டிக்கு என்று கேட்டேன். “பழைய சி.ஜே.தான் சார், முன்னாடி ரெண்டுக்கு மட்டும்” என்றார். டீ கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைக் காட்டி, இரண்டு மணி நேரம் பேசி அனுப்பினேன். டயரைக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.